தூக்கினால் போதும்

தாளுக்கு நன்றி, சேர். கோடு போட்ட தாளாக இருந்திருந்தால் இன்னும் நல்லது. கோடில்லாத தாளில் என் எழுத்து வலப்பக்கம் போகப்போக மேலே ஏறிவிடும், பள்ளிக்கூடத்திலேயே அதற்காக அடி வாங்கியவன் நான். வாயால் சொன்னால் போதும் என்றீர்கள். நான் கதைக்கத் தொடங்கினால் இடையில் நீங்கள் கேள்வி கேட்பீர்கள், நான் பதில் சொல்வேன், பிறகு விட்ட இடம் மறந்துவிடும். ஐம்பத்தெட்டு வயதாகிறது. களைப்பாகவும் இருக்கிறது. எழுதியே தந்துவிடுகிறேன்.

முக்கியமானதை முதலில் எழுதுகிறேன். எங்கள் கம்பனிக் காவலாளி அபூதாஹிர் நானாவைப் பன்னிரண்டு நாளாக விளக்கமறியலில் வைத்திருக்கிறீர்கள். பௌர்ணமிப் போயா லீவன்று குளிர் அறைக்குள் அகப்பட்ட கனகசுந்தரம் அவசர ரெலிபோனைத் தூக்கினான், காவலறையில் மணி அடித்தது, நானா நித்திரையில் அதை எடுக்கவில்லை, அதனால் அவன் உள்ளேயே விறைத்துச் செத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று காவலறையில் மணி அடிக்கவே இல்லை. நானா விழித்துத்தான் இருந்தார். அவரை வீட்டுக்கு அனுப்பலாம். எப்படி என்று கேட்பீர்கள். அதற்கு ரெலிபோன் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுமையாக வாசியுங்கள்.

என் பெயர் யோகலிங்கம். ஊர் சாம்பல்தீவு. உட்துறைமுகத்தை ஒட்டிய மீன் கம்பனியில் இருபத்தாறு வருடமாக ரெலிபோன் பார்க்கிறவன். படகுகளில் வருகிற மீனை வெட்டி, விறைக்கவைத்து, கொழும்புக்கு ஏற்றுகிற இடம். அங்கே நாற்பத்திரண்டு ரெலிபோன்கள். எல்லா வயரும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற என் அறைக்கு வந்து, சுவரில் மாட்டிய ஓர் இரும்புப் பெட்டிக்குள் போகும். எதைத் தூக்கினால் எங்கே மணி அடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தப் பெட்டிதான். பெட்டியில் ஒரு பொத்தானும் கிடையாது. அதோடு கதைக்க வேண்டுமென்றால் லப்டொப்பை வயரால் கொளுவ வேண்டும். இப்போது வருகிற லப்டொப் எதிலும் அந்த வயர் போகிற ஓட்டை இல்லை. என்னிடம் ஒரு பழசு இருக்கிறது, மூடி உடைந்து ரேப் ஒட்டியது. வயரும் நானே ஈயம் வைத்துப் பற்றவைத்தது. கொளுவி, இரகசியச் சொல்லை அடித்தால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாக நாற்பத்திரண்டு வரி வரும், ஒரு ரெலிபோனுக்கு ஒரு வரி. வரியில் ஓர் இலக்கத்தை மாற்றினால் இங்கே அடிக்கிற மணி அங்கே அடிக்கும். மாற்றிய பிறகு சேமிக்க வேண்டும். சேமிக்காமல் விட்டால் மின்சாரம் ஒருக்கா போய் வர எல்லாம் பழையபடி ஆகிவிடும். இந்தச் சேமிக்கிற விஷயத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

என் இலக்கம் பதினொன்று. எந்தக் கோளாறு என்றாலும் பதினொன்றுக்குத்தான் அடிப்பார்கள். மூன்றாவது மணிக்கு முன்னால் எடுத்துவிடுவேன். சோற்றில் கை இருந்தால் இடக்கையால் எடுப்பேன். ஒரு வாய் நிம்மதியாகத் தின்ன விடுகிறார்களா என்று கனகுவிடம் புறுபுறுப்பேன். கனகு என்றால் கனகசுந்தரம்தான், குளிர் அறைக்குப் பொறுப்பானவன். பதினெட்டு வருடமாக மத்தியானத்தில் என் அறையில் வந்திருந்துதான் சாப்பிடுவான். சாப்பாட்டுப் பெட்டியில் மீன் சினைப் பொரியல் இருந்தால் பாதியை என் மூடியில் வைப்பான். நான் புறுபுறுக்க அவன் சிரிப்பான், அந்த மணி அடிக்காவிட்டால் உனக்குத்தான் சோறு இறங்காது என்பான். உண்மைதான். அந்த மணிக்காகத்தான் நான் காலையில் எழும்பினேன்.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, சேர். மனைவி இரத்தினேஸ்வரி போய் நாலு வருடம். மகள் நிருஜா மட்டக்களப்பில் படிப்பிக்கிறாள். நல்ல பிள்ளை, ஆனால் இப்போது கூப்பிடுவதில்லை. வட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடுவாள், நேரம் கிடைக்கிறபோது கேளுங்கோ அப்பா என்று. ஐம்பது செக்கன் வரும். நானும் ஐம்பது செக்கன் பேசி அனுப்புவேன். வீட்டு ரெலிபோன் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. தூசி தட்டும்போது தூக்கிக் காதில் வைத்துப் பார்ப்பேன். லைன் இருக்கும்.

எல்லார் கையிலும் மொபைல் வந்த பிறகு பதினொன்றும் ஓய்ந்துவிட்டது. ஒரு கிழமை முழுக்க ஒருவரும் அடிக்காத காலமும் இருந்தது. அப்போதுதான் நான் சின்னச் சின்னப் பழுதுகளைச் செய்யத் தொடங்கினேன். லப்டொப்பைக் கொளுவி, வரவேற்பறை ரெலிபோன் ஐஸ் பகுதியில் அடிக்கிற மாதிரி ஒரு மாற்றம். அவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில் பதினொன்று அடிக்கும். போய், வயரைக் குனிந்து பார்க்கிற மாதிரிப் பார்த்து, திரும்பி வந்து சரிப்படுத்துவேன். உங்களை விட்டால் ஆர் அண்ணை என்பார்கள். மாதத்துக்கு ஒன்று. ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை. இரண்டு வருடம் அப்படி நன்றாகத்தான் போனது.

போன வைகாசியில் முகாமையாளர் சுஹைரா மிஸ் கூப்பிட்டார். பதினொன்றுக்கு அடிக்கவில்லை, பியோனை அனுப்பிக் கூப்பிட்டார். இருக்கச் சொன்னார், பிளேன்ரீ வரவழைத்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"அங்கிள், மாசத்துக்கு ஒருக்கா இந்தப் பழைய பெட்டி பழுதாகுது. இருபத்திமூண்டு தரம் எண்டு என்ட கொப்பியில இருக்கு. நீங்களும் எவ்வளவு காலத்துக்கு ஓடி ஓடித் திருத்துவீங்க? ஆவணி முதலாம் திகதி புதுசு வருது. எல்லாம் கொழும்பில இருந்தே பாப்பாங்க. நீங்க இனி வீட்டில ஆறுதலா இருங்க."

இருபத்திமூன்று தரத்தையும் செய்தவன் நான். என் கையால் நானே என் வேலையைப் பறித்துக்கொண்டேன் என்று வந்து நின்றது. சிரிப்பு வந்தது, பிளேன்ரீயைக் குடித்துச் சமாளித்தேன். மிஸ்ஸில் எனக்குக் கோபம் இல்லை. தேன் மாதிரிக் கதைத்தார். ஆறுதலாக இருங்கள் என்றார் பாருங்கள், அந்தச் சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அலுமாரிக்கு மேலே இருக்கிற ரெலிபோன் கண்ணில் வந்தது.

இனிச் சின்னப் பழுது உதவாது என்று விளங்கிவிட்டது. பழைய பெட்டியும் அதைப் பார்க்கிற பழைய ஆளும் இருந்தபடியால் ஒரு பெரிய காரியம் நடந்தது என்று கம்பனி முழுக்கச் சொல்ல வேண்டும். ஓர் உயிர் தப்பியது என்று சொன்னால் அதற்கு மேலே பேச்சில்லை. எந்த முகாமையாளரும் அப்படிப்பட்ட ஆளை வீட்டுக்கு அனுப்பமாட்டார்.

குளிர் அறையில் கதவுக்குப் பக்கத்தில் சிவப்பு ரெலிபோன் ஒன்று இருக்கிறது. இலக்கம் முப்பத்தொன்று. அதில் எண்களே இல்லை. தூக்கினால் போதும், தானாகக் காவலறையில் அடிக்கும். 'தூக்கினால் போதும்' என்று நான்தான் வெள்ளைப் பெயின்ரால் எழுதி மேலே ஒட்டினேன். உள்ளே இருபத்திரண்டு பாகை உறைநிலைக்குக் கீழே. அந்தத் தடித்த சுவருக்குள் மொபைல் எடுக்காது. கதவை உள்ளிருந்து திறக்கிற பிடி இரண்டு மாதமாக உடைந்து கிடந்தது. சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும், வரும் வரும் என்று இருந்தார்கள். அதுவரை கனகு உள்ளே போகும்போது கதவு இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் மீன் பெட்டியை வைத்துவிட்டுப் போவான். தனியாக உள்ளே போகிறவன் அவன் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை தோறும் அந்த ரெலிபோனைத் தூக்கிப் பார்த்து, காவலறையில் உள்ள கொப்பியில் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது விதி. நானா ஜும்மாவுக்குப் போகிற அவசரத்தில் வாசலிலிருந்து கையைத் தூக்குவார். கனகு குளிர் அறைப் பக்கம் நின்று கையைத் தூக்கி, சரி நானா, எழுதுங்கோ என்பான். அவர் எழுதுவார். இருவரும் அந்த அளவுக்கு ஒருவரை ஒருவர் நம்பினார்கள். கொப்பியில் ஒரு வெள்ளியும் தவறவில்லை. ஆனால் பெட்டி எல்லா அழைப்பையும் பதிந்து வைத்திருக்கும், சேர். லப்டொப்பைக் கொளுவிப் பார்த்தேன். முப்பத்தொன்றைத் தூக்கி ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, எட்டேகால் மணிக்கு, முப்பத்தொன்றின் வரியில் காவலறையின் இலக்கத்தை எடுத்துவிட்டுப் பதினொன்றைப் போட்டேன். சேமித்தேன். இதைத்தான் மனதில் வைத்திருக்கச் சொன்னேன். சேமிக்காமல் விட்டிருந்தால் அடுத்த மின்வெட்டோடு எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். அந்தக் கிழமையே இரண்டு தரம் மின்சாரம் போனது.

நான் திட்டமிட்டது இவ்வளவுதான். கதவு ஒருநாள் சாத்துப்படும். கனகு தூக்குவான். என் மேசையில் அடிக்கும். நான் ஓடிப்போய்த் திறப்பேன். ஒருவருக்கும் ஒரு கீறலும் வராது. இடையில் மூன்று வெள்ளி வந்தது. மூன்றில் ஒருநாளாவது அந்த இருவரும் விதிப்படி தூக்கிப் பார்த்திருந்தால் மணி என்னிடம் அடித்திருக்கும், விஷயம் வெளியே வந்திருக்கும், நானும் தலை குனிந்திருப்பேன். மூன்று வெள்ளியும் என் அறை யன்னலில் நின்று பார்த்தேன். கைகளைத் தூக்கினார்கள். எழுதினார்கள்.

கதவை நான் சாத்தவில்லை. பெட்டியையும் நான் நகர்த்தவில்லை. போயாவுக்கு முதல் கிழமை லப்டொப் வைக்க உயரமாக ஏதாவது வேண்டும் என்று கனகுவிடம் கேட்டேன். கதவு இடுக்கில் வைக்கிற கனமான பெட்டியைத் தந்துவிட்டான். தனக்கு வெடித்த பெட்டி ஒன்று காணும், அதுவே போதும் என்றான். கேட்டேன், தந்தான். அவன் அப்படித்தான், கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவன்.

போயாவன்று கம்பனியில் நாலு பேர். வாசலில் நானா. இயந்திர அறையில் அஷ்பாக், அந்த இரைச்சலுக்குள் நிற்கிறவனுக்கு வேறொன்றும் கேட்காது. குளிர் அறைக்குக் கனகு. படிக்குக் கீழே நான். லீவு நாளில் எனக்கு வேலை இல்லைதான். அந்த மூன்று கிழமையும் நான் லீவே எடுக்கவில்லை.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு மணி அடித்தது. ரெலிபோனின் சின்னத் திரையில் முப்பத்தொன்று என்று விழுந்தது. என் கை தானாகப் போய்விட்டது. ரிசீவரில் வைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டேன், தூக்கவில்லை. யோசித்துப் பாருங்கள், சேர். இரண்டு நிமிடம் உள்ளே நின்றவனுக்குக் கதவைத் திறந்துவிட்டால் அது காப்பாற்றியது என்று ஆகாது. நல்ல காலமடா என்று முதுகில் தட்டிவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விடுவான், மத்தியானம் சோற்றோடு அந்தக் கதை முடிந்துவிடும். ஒரு பத்து நிமிடமாவது ஆக வேண்டும். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிடம் முடிய எழும்பினேன். வாசல் வரைக்கும் போனேன். முற்றத்தில் ஒரு வாகனமும் இல்லை. பட்டணத்துத் தெருக்களில் திரிகிற மான் ஒன்று உள்ளே வந்து, ஈர அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டு நின்றது. பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில் ஒருவனைக் காப்பாற்றி என்ன பலன் என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பி வந்து சுஹைரா மிஸ்ஸுக்கு அடித்தேன். அவர் வீடு பட்டணத்துக்குள்தான்.

"மிஸ், குளிர் அறை ரெலிபோனிலை ஒரு பிரச்சினை. நீங்கள் நேரிலை வந்து பாக்கவேணும்."

"இண்டைக்கா அங்கிள்? வீட்டில ஆக்கள் வந்திருக்காங்க. பன்னிரண்டரைக்கு வாறன், காணுமா?"

காணும் என்றேன்.

அவர் வந்தது ஒன்று ஐம்பதுக்கு. நான் எங்கேயும் நேரத்துக்குப் போகிறவன். மற்றவர்கள் பிந்தி வந்தால் நான் என்ன செய்ய? அவரிடம் நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கச் சொல்லவும் இல்லை, எழுதி மட்டும் வைக்கிறேன்.

மிஸ்ஸும் நானும் சேர்ந்துதான் கதவைத் திறந்தோம். வெடித்த பெட்டி வழுக்கி உள்ளே போய்க் கிடந்தது. வெப்பமானியைப் பார்த்து எழுத ஒரு நிமிட வேலை என்று வெறும் சேட்டோடு போயிருக்கிறான், குளிர் அங்கி வெளியே ஆணியில் தொங்கியது. ரெலிபோனுக்குக் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். மிஸ் கத்திய கத்தலில் நானா வாசலிலிருந்து ஓடி வந்தார். அவர் கனகுவைத் தூக்கி மடியில் வைத்துக் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கூப்பிட்டார். எனக்கும் அழுகை வந்தது. பதினெட்டு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவன், வராமல் இருக்குமா? அவர்கள் எல்லாரும் அங்கே நிற்க, நான் என் அறைக்கு வந்து, லப்டொப்பைக் கொளுவி, முப்பத்தொன்றை மறுபடி காவலறைக்கு மாற்றிச் சேமித்தேன். நாலு நிமிடம் ஆனது. அந்தப் பழசு திறக்க அவ்வளவு நேரம் எடுக்கும்.

மறுநாள் நீங்கள் என்னைத்தான் கூப்பிட்டீர்கள். ரெலிபோன் பற்றித் தெரிந்த ஆள் நான் ஒருவன்தானே. உங்களுக்கு முன்னாலேயே முப்பத்தொன்றைத் தூக்கிக் காட்டினேன், காவலறையில் அடித்தது. லைனில் பழுது இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். நான் பொய் எழுதவில்லை, சேர். லைனில் அப்போதும் பழுது இல்லை, போயாவன்றும் பழுது இல்லை. பின்னேரம் நானாவைக் கொண்டுபோனீர்கள். ஜீப்பில் ஏறும்போது அவர் என்னைப் பார்த்து, யோகு, எனக்கு அடிக்கல்லயே என்றார். நான் குனிந்து செருப்பைக் கொளுவினேன்.

பன்னிரண்டு நாள் பேசாமல் இருந்தவன் இன்று ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். நேற்றுப் பின்னேரம் என் வீட்டு ரெலிபோன் அடித்தது. முதலில் பக்கத்து வீட்டுச் சத்தம் என்றுதான் நினைத்தேன். கதிரையில் ஏறி, இரண்டாவது மணிக்கு எடுத்துவிட்டேன்.

"அண்ணன், நான் அபூதாஹிர்ட பொஞ்சாதி மைமூனா. அவர் தூங்கல்ல எண்டு சத்தியம் பண்ணுறார். அந்தப் பெட்டிக்கிட்ட கேக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதானாம். ஒருக்கா கொளுவிப் பாருங்களன், அண்ணன். அண்டைக்கு எங்க மணி அடிச்சிச்செண்டு அதுக்குத் தெரியுந்தானே?"

தெரியும் என்றேன். நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் அழுதுகொண்டு எனக்குத் துஆச் செய்தார். ஒருவர் கூப்பிட்டு உதவி கேட்டால் முகத்தைத் திருப்புகிற ஆள் நான் இல்லை. காலை முதல் வேலையாக இங்கே வந்தேன்.

லப்டொப் என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது, வயர் அதற்குள்ளேயே சுற்றி வைத்திருக்கிறேன். இரகசியச் சொல் இரத்தினேஸ்வரியின் பிறந்த திகதி, பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வயரை மெதுவாகக் கொளுவச் சொல்லுங்கள், ஒரு ஊசி வளைந்திருக்கிறது. நான் இரண்டு தரம் சேமித்ததும் திகதி நேரத்தோடு உள்ளே கிடக்கும். போயாவன்று முப்பத்தொன்றிலிருந்து பதினொன்றுக்குப் போன அழைப்புகளும் கிடக்கும். ஒன்பது. பதினொன்று நாற்பத்திரண்டுக்கு முதலாவது, ஒன்று பதினாறுக்குக் கடைசி. ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் அடித்துத் தானாக நிற்கும். பிந்தியவற்றுக்கு இடையில் நேரம் கூடிக்கொண்டு போயிருப்பதைக் காண்பீர்கள், கை விறைத்திருக்க வேண்டும். ஒன்பதையும் நான் அந்த மேசையில் இருந்துதான் கேட்டேன். மிஸ் வரும் வரைக்கும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது அழைப்போடு நான் மிஸ்ஸை மறந்துவிட்டேன், சேர். அதையும் எழுதத்தான் வேண்டும்.

கனகுவைக் கொன்றது நான். இதை ஒருவரும் என்னை அடித்து எழுதுவிக்கவில்லை. எடுத்திருந்தால் அவன் நானா என்றுதான் தொடங்கியிருப்பான், காவலறை என்றுதானே நினைத்துத் தூக்கினான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அடித்தது என் மேசையில். இருபத்தாறு வருடத்தில் ஒரே ஆள், ஒரே நாளில், ஒன்பது தரம் என்னைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.